மணலும் புல்லும் சட்டமும்: ஐரோப்பியக் கரையோரப் புல்லொன்றின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

நெய்தல் நிலத்தைப் பற்றி எழுதும்போது நாம் கடலையும் கலத்தையும் மீனையும் உப்பையும் பேசுகின்றோம். காலடியில் மணலைப் பிடித்து வைத்திருக்கும் புல்பூண்டுகளைப் பற்றிப் பேசுவது அரிது. சங்கப் பாடல்கள் மணல்மேட்டிற் படர்ந்த அடும்பைக் கண்டன. ஆயின் அடும்பு அங்கே காதலர் பிரிவின் பின்னணியாக நின்றுவிட்டது. நமது கரைகளில் இராவணன் மீசை எனப்படும் முட்புல் உண்டு. அதன் உருண்டை விதைத்தலைகள் காற்றோடு மணலில் உருண்டோடுவதைப் பார்க்காத கரையோரக் குழந்தை இல்லை. சிங்கள மக்கள் அதே புல்லை இராவணனின் தாடி என்பர். இரு மொழியினரும் ஒரே அரசனின் முகத்தை அதில் கண்டிருக்கின்றனர். வடமராட்சிக் கிழக்கின் மணற்காட்டில் மணலுட் புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள், புல் தோற்ற இடத்தில் என்ன நிகழும் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன.

மணலைப் பிடிக்கும் புல்லுக்கு ஒரு சமூக வரலாறு உண்டா? அப்புல்லை அறுத்தவர் யார், அறுக்காதே என்றவர் யார், அதனால் யாருடைய நிலம் காக்கப்பட்டது, யாருடைய அடுப்பு அணைந்தது என்னும் வினாக்களுக்கு விடை காண இயலுமா? நமது கரைகளைப் பொறுத்தவரை இதற்கான ஆதாரங்கள் இன்னும் தொகுக்கப்படவில்லை. வடமேற்கு ஐரோப்பாவிலோ ஏறத்தாழ நானூறு ஆண்டுக்கால அரச ஆணைகளும் சட்டங்களும் ஒரேயொரு புல்லைச் சுற்றிக் குவிந்து கிடக்கின்றன. மாரம் என்னும் அப்புல்லை எடுத்துக்கொண்டு, இயற்கைக்கும் உடைமைக்கும் இடையிலான உறவை ஆராய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புல்லின் இருவகைப் பயன்

மாரம் இடுப்பளவு உயரத்துக்கு வளரும் பல்லாண்டுப் புல். அதன் ஆங்கிலப் பெயர் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. கடல், தாள் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. வேல்ஸ் மக்கள் அதனைக் கடற்கோரை எனப் பொருள்படும் சொல்லால் வழங்கினர். ஸ்கொட்லாந்தில் அது பென்ற். இங்கிலாந்தின் லங்காஷயர்க் கரையில் ஸ்ரார். ஒரு புல்லுக்கு ஊர்தோறும் தனிப்பெயர் இருப்பது, ஊர்தோறும் அதைக் கைக்கொண்டு வேலை செய்தவர்கள் இருந்தமைக்கு அடையாளமாகும்.

அதன் இலை வறட்சியின்போது உட்புறமாகச் சுருண்டு குழல்போல் ஆகிவிடும். மூச்சுத்துளைகள் சுருளின் உள்ளே மறைவதால் உப்புக்காற்றிலும் நீர் விரயமாவதில்லை. நிலக்கீழ்த் தண்டுகள் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளர்ந்து மணலைப் பின்னிப் பிடிக்கும். ஆண்டொன்றுக்கு ஒரு மீற்றர் அளவு மணல் மேலே குவிந்தாலும் புல் அதைத் துளைத்து மேலெழும். இதனினும் வியப்பானது யாதெனில், புதிய மணல் வந்து மூடாத இடத்தில் இப்புல் மெல்ல நலிந்துபோகும் என்பதாகும். தன்னைப் புதைக்க வரும் மணலே அதற்கு வாழ்வளிக்கிறது.

இப்புல்லுக்குப் பயன் இருவகை. அறுத்து உலர்த்திய இலை பாயாகும், கயிறாகும், விளக்குமாறாகும், கூரை வேய உதவும், வைக்கோற்போரை மழையிலிருந்து காக்கும் மூடுபாயாகும். அறுக்காது விட்ட புல்லோ மணலைத் தடுத்து உட்புற வயல்களைக் காக்கும். முதலாவது பயன் அதை அறுத்து இழைப்பவரின் உழைப்பினால் மட்டுமே வெளிப்படுவது. இரண்டாவது பயன் மணலுக்குப் பின்னே நிலம் வைத்திருப்பவருக்கு உழைப்பின்றியே கிடைப்பது. நாம் இனிக் காணவிருக்கும் சட்டங்களனைத்தும் இவ்விரு பயன்களுக்கும் இடைப்பட்ட முரண்பாட்டிலிருந்து பிறந்தவையே.

2. நியூபரோ: பெயர்க்கப்பட்டவர்களின் தொழில்

வேல்ஸின் வடமேற்கேயுள்ள ஆங்கிள்சித் தீவின் நியூபரோ என்னும் ஊரிலிருந்து தொடங்குவோம். 'புதிய நகர்' என்னும் அதன் பெயரே ஒரு வெளியேற்றத்தின் நினைவாகும். 1294இல் ஆங்கில ஆட்சிக்கெதிராக வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதனை அடக்கிய முதலாம் எட்வேர்ட் மன்னன் 1295இல் பொமாரிஸ் கோட்டையைக் கட்டத் தொடங்கினான். அருகிலிருந்த லான்வைஸ் என்னும் வளமான வணிக ஊர் கலைக்கப்பட்டு, அதன் மக்கள் தீவின் தென்மேற்குக் கரைக்கு அனுப்பப்பட்டனர். வேல்ஸ் இளவரசர்களின் பழைய அரண்மனை நின்ற ரொசிர் என்னும் இடமே அது. 1303இல் புதிய ஊருக்குப் பட்டயம் வழங்கப்பட்டது.

துறைமுக வணிகத்தால் வாழ்ந்த மக்களுக்குக் கிடைத்தது காற்று வீசும் மணற்கரை. 1330 டிசம்பரில் எழுந்த பெரும் புயல் ஏறத்தாழ 186 ஏக்கர் நிலத்தை மணலால் மூடியது. அரண்மனையும் காலப்போக்கில் மணலுக்குள் மறைந்தது. அதன் அடித்தளம் 1990களில் நிகழ்ந்த அகழாய்விலேயே மீண்டும் வெளிப்பட்டது. விளைநிலம் சுருங்கிய ஊரில் எஞ்சி நின்றது கடற்கோரை. அதை வெட்டி இழைப்பதே ஊரின் தொழிலாயிற்று. முதலாம் எலிசபெத்தின் ஆட்சிக்காலத்தில் (1558–1603) அப்புல்லைப் பிடுங்குவது தடைசெய்யப்பட்டது. எனினும் தொழில் மடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை நியூபரோப் பெண்கள் பாயும் கயிறும் செய்து வந்தனர்.

இத்தொழிலின் உற்பத்தி முறை கவனிக்கத்தக்கது. மூலப்பொருளுக்கு விலையில்லை. கருவி ஓர் அரிவாள் அல்லது கத்தி. உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. வீட்டு வேலைகளுக்கு இடையே, வீட்டுக்குள்ளேயே நிகழ்வது. நமது நாட்டில் பனையோலையிற் பாயும் பெட்டியும் இழைக்கும் பெண்களின் உழைப்பு குடும்பக் கணக்கில் ஏறாதது போலவே, இதுவும் பொருளியல் வரலாற்றின் ஓரத்திலேயே நின்றது. 1913இல் இவர்கள் பாய் இழைப்போர் சங்கமொன்றிற் கூடினர். தனித்தனி வீடுகளில் இழைத்தவர்கள் ஒன்றாக விற்க முற்பட்டனர் என்பது, தனித்து விற்கையில் பேரம் பேசும் வலு அவர்களிடம் இருக்கவில்லை என்பதைக் காட்டுகின்றது. ஆயின் சங்கம் தோன்றிய காலமே தொழிலின் அந்திக் காலமுமாயிற்று. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய சில பத்தாண்டுகளுள், தொழிற்சாலைப் பண்டங்களின் முன்னே கடற்கோரைப் பாய் தோற்றுப்போனது. சட்டத்தால் நிறுத்த இயலாத தொழிலைச் சந்தை நிறுத்தியது.

3. கல்பின்: ஒரு பேரழிவும் இரு விளக்கங்களும்

ஸ்கொட்லாந்தின் வடகிழக்கே, மரே வளைகுடாவின் கரையில் கல்பின் என்னும் பண்ணையகம் இருந்தது. கினெயர்ட் குடும்பத்தார் அதன் பிரபுக்கள். 1694ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வாற்கோதுமை அறுவடை நடந்துகொண்டிருக்கையில், மேற்கிலிருந்து எழுந்த பெருங்காற்று மணலை அள்ளி வந்து வயல்களையும் பிரபுவின் மாளிகையையும் மூடியது. உழுதவன் கலப்பையைச் சாலிலேயே விட்டோடினான் என மரபுக்கதை கூறும். 1695இல் பண்ணையகத்தின் உரிமையாளர் பாராளுமன்றத்திடம் வரிவிலக்குக் கோரினார். 1698இல் நிலம் விற்கப்பட்டது.

இவ்வழிவுக்குக் காரணம் யாது? பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த சட்டம் ஒரு விடையைத் தந்தது. மக்களிடையே வழங்கிய கதை இன்னொன்றைத் தந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

1695இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் மணற்குன்றுகளை அடுத்த நிலங்களைக் காக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. கரையோர நிலங்கள் மணலால் அழிவதற்கு முதன்மையான காரணம், பென்ற் புல்லையும் வேறு சில செடிகளையும் வேரோடு பிடுங்கும் தீய வழக்கமே என்று அச்சட்டம் கூறியது. கல்பின் பண்ணையகத்தையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் பெயர் சுட்டியது. அதாவது, கூரைக்கும் கயிற்றுக்கும் புல் தேடி மணல்மேட்டுக்கு வந்தவர்களே குற்றவாளிகள்.

மக்கள் கதை வேறு திசையில் விரலை நீட்டியது. கல்பின் பிரபு ஓய்வுநாளாகிய ஞாயிறன்று சீட்டாடினான்; அவனோடு ஆடியவன் சாத்தான்; அதனாலேயே மணல் வந்தது என்பது அக்கதை. சமயப் போர்வையை விலக்கிப் பார்த்தால், கரையின் அழிவுக்குப் பொறுப்பு மாளிகையில் இருந்தவனுடையதே என்னும் தீர்ப்பு அதனுள் இருப்பதைக் காணலாம். மேலிருப்பவர் கீழிருப்பவரைக் குற்றஞ்சாட்டியது சட்டமாயிற்று. கீழிருப்பவர் மேலிருப்பவரைக் குற்றஞ்சாட்டியது நாட்டார் கதையாயிற்று. முன்னது பாராளுமன்றப் பதிவேட்டிலும் பின்னது பாட்டிமாரின் நாவிலும் வாழ்ந்தன. நாட்டார் வழக்காறுகளை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடும் வரலாற்றாசிரியர், வழக்கின் ஒரு தரப்பு வாக்குமூலத்தை மட்டும் வாசிக்கின்றார் என்றே கூறவேண்டும்.

இன்றைய ஆய்வுகள் இரு விளக்கங்களையும் ஒருங்கே திருத்துகின்றன. கல்பின் ஒரே இரவில் அழிந்துவிடவில்லை. 1694க்கு முன்பே மணல் படிப்படியாக வயல்களுக்குள் புகுந்துகொண்டிருந்தது. சிறு பனியுகம் என வழங்கும் குளிர்ந்த நூற்றாண்டுகளின் கடும்புயல்கள் வட கடலின் கரையெங்கும் மணலைக் கிளப்பின. புல் பிடுங்கியமை அழிவை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆயின் முழுப்பழியையும் அதன்மேற் சுமத்தியது சட்டத்தின் தெரிவு.

4. வேரிலிருந்து உடைமைக்கு

1695ஆம் ஆண்டுச் சட்டம் வேரோடு பிடுங்குவதையே முதன்மைக் குற்றமாகக் கண்டது. 1742இல், இரண்டாம் ஜோர்ஜின் ஆட்சியில், பிரித்தானியப் பாராளுமன்றம் இங்கிலாந்தின் வடமேற்குக் கரைகளை நோக்கி இயற்றிய சட்டம் இதனினும் கடுமையானது. புல்லை வெட்டுவதே குற்றமாயிற்று. கரையிலிருந்து எட்டு மைல் எல்லைக்குள் அப்புல்லைக் கையில் வைத்திருப்பதும் தண்டனைக்குரியதாயிற்று. பிடுங்குவதிலிருந்து வெட்டுவதற்கும், வெட்டுவதிலிருந்து வைத்திருப்பதற்கும் குற்றத்தின் எல்லை விரிந்தது. மணல்மேட்டைக் காக்க எழுந்த சட்டம் குடிசையின் மூலையில் கிடக்கும் புற்கட்டைச் சோதிக்கும் சட்டமாக முடிந்தது.

இவ்விடத்தே கார்ல் மார்க்ஸின் இளமைக்கால எழுத்தொன்று நினைவுக்கு வருதல் இயல்பே. 1842இல் அவர் ரைனிஷே சைற்றுங் இதழில், றைன் மாகாண மன்றத்தில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி நிகழ்ந்த விவாதத்தை ஆராய்ந்தார். காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவது ஏழைகளின் தொன்றுதொட்ட வழமை. அதனைத் திருட்டென வரையறுக்கும்போது சட்டம் காட்டுடைமையாளனின் நலனுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கின்றது என அவர் காட்டினார். பொருளியல் வினாக்களின்பால் தம்மை முதலில் ஈர்த்தவற்றுள் இவ்விவாதமும் ஒன்று என 1859இல் அவரே எழுதினார். ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வு, 1723இல் இங்கிலாந்துக் காடுகளைச் சூழ எழுந்த கறுப்புச் சட்டத்தை இவ்வழியில் நின்றே நோக்குகின்றது. புல்வெட்டைத் தடுத்த சட்டம் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது. விறகும் மானும் புல்லும் ஒரே உடைமைக் கருத்துக்குள் அடங்கின.

எனினும் இவ்வொப்புமையை எல்லைமீறி இழுப்பது பொருந்தாது. சுள்ளி பொறுக்குவதால் காடு அழிவதில்லை; புல்லைப் பிடுங்கினால் மணல் உண்மையாகவே நகரும். நகரும் மணல் பிரபுவின் வயலை மட்டும் தேர்ந்து மூடுவதில்லை; குடியானவனின் அரை ஏக்கரையும் சேர்த்தே மூடும். மேலும், 1742ஆம் ஆண்டுச் சட்டம் நிலப்பிரபுவுக்கும் விதிவிலக்களிக்கவில்லை. தன் நிலத்துப் புல்லைத் தானே வெட்டினாலும் அவன் குற்றவாளியே. சட்டம் ஆளும் வர்க்கத்தின் வெறுங்கருவி என்று கூறி நகர்ந்துவிடுவோர்க்கு இப்பிரிவு இடர் தரும். அவ்விடரை நாம் மறைத்தலாகாது.

இதற்கு நாம் காணும் விடை இதுவே. பிரபுவுக்கும் பாய் இழைப்பவளுக்கும் சட்டம் ஒன்றாயிருந்தது, புல் ஒன்றாயிருக்கவில்லை. பிரபு புல்லை வெட்டாமல் விட்டால் அவனுடைய நிலம் பெருமதி பெறும். அவள் வெட்டாமல் விட்டால் அவளுடைய வீட்டில் அன்றைய வருவாய் இல்லை. பொது நன்மைக்கான சட்டம் என்பதை ஏற்றுக்கொண்டாலும், அந்நன்மையின் செலவு யாரிடமிருந்து பெறப்பட்டது என்னும் வினா எஞ்சும். இழந்த தொழிலுக்கு ஈடு தரும் எண்ணம் அக்காலச் சட்ட மனத்துக்கு எட்டவில்லை. லங்காஷயரின் போம்பிக் கரையில் குத்தகைக்காரர் ஸ்ரார் புல்லை நட்டுப் பேணவேண்டும் என்னும் கடப்பாடும் பதினெட்டாம் நூற்றாண்டில் சேர்ந்துகொண்டது. வெட்டும் உரிமை போயிற்று. நடும் கடமை வந்தது.

5. டென்மார்க்கின் ஊழியம்

நடும் கடமை முழு உருவில் வெளிப்பட்டது டென்மார்க்கில். யூட்லாந்தின் மேற்குக் கரையில் மணற்செடிகளை அழிப்போர்க்குத் தண்டம் விதிக்கும் ஆணையை மூன்றாம் கிறிஸ்டியன் மன்னன் 1539இலேயே பிறப்பித்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் வட சீலாந்தின் டிஸ்வில்டேப் பகுதியில் மணற்பெயர்வு கிராமங்களை விழுங்கியபோது, ஜெர்மானியரான றோல் என்பவரின் தலைமையில் 1724 முதல் தடுப்பு வேலை நிகழ்ந்தது. வேலி கட்டவும் கடற்பாசி பரப்பவும் புல் நடவும் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்டனர். வெற்றியைக் கொண்டாடும் நினைவுக்கல் 1738இல் நாட்டப்பட்டது. இராசகாரியத்தின் வரலாற்றை அறிந்த நாட்டவராகிய நமக்கு, எழுப்பியவரின் பெயர் பொறிக்கப்பட்டு உழைத்தவரின் பெயர் விடுபட்ட கல் புதியதன்று. 1792ஆம் ஆண்டின் அரச ஆணை மணற்கட்டுப்பாட்டை நாடு தழுவிய நிருவாகமாக்கியது.

வட முனையிலுள்ள ஸ்கேயனில் ஊழியமும் போதவில்லை. வழிபாட்டுக்கு வருவோர் மணலைத் தோண்டி வழியமைக்க வேண்டியிருந்த தேவாலயம் 1795இல் கைவிடப்பட்டது. இன்று அதன் கோபுரம் மட்டும் மணலுக்கு மேல் நிற்கின்றது. ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1859இல் வெளியிட்ட மணற்குன்றுக் கதையின் நாயகன் இத்தேவாலயத்திலேயே உயிர்விடுகின்றான். புதையும் கோயில் அவனுக்குப் பெருங்கல்லறையாகின்றது. கரையோர ஏழையின் துன்பத்தை அண்டர்சன் பரிவோடு கண்டார் என்பதில் ஐயமில்லை. ஆயின் துன்பத்துக்கு ஈடு மறுமையிலேயே உண்டு என்னும் முடிவு, மணலைத் தடுக்க வளைந்த முதுகுகளைக் கதையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றது.

6. கடல் கடந்த புல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாரம் குடியேற்றவாதத்தோடு கப்பலேறியது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவின் மணல்வெளியைப் பூங்காவாக்கும் முயற்சியில் அது 1869இல் நடப்பட்டது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில், தாவரவியலாளர் மியூலர் வழங்கிய விதையைக்கொண்டு 1880களில் போர்ட் பெயரியில் வளர்க்கப்பட்டது. நியூசிலாந்திலும் அது பரவலாக நடப்பட்டது. 1908ஆம் ஆண்டின் மணற்பெயர்வுச் சட்டம் அந்நடுகைக்கு அரச வலுவைத் தந்தது.

நியூசிலாந்தின் மணற்குன்றுகள் வெறுமையாய் இருக்கவில்லை. பிங்காவோ என்னும் பொன்னிறக் கோரை அங்கே மணலைப் பிடித்து வாழ்ந்தது. மாவோரி மக்கள் அதன் இலையை உலர்த்திக் கூடை, பாய், அரைக்கச்சை முதலியன செய்தனர். தமது சந்திப்பு மண்டபங்களின் சுவர்த்தட்டிகளையும் அதனாற் பின்னி அழகுசெய்தனர். குடியேறிகளின் கால்நடைகளும் தீயும் அதனைச் சிதைத்தன. இடம்பிடித்த மாரம் அதனை மேலும் ஒடுக்கியது. வேல்ஸின் கரையில் ஏழைப் பெண்களின் கைக்கு வாழ்வளித்த புல், நியூசிலாந்தின் கரையில் வேறு பெண்களின் கையிலிருந்து கோரையைப் பறித்தது. குற்றம் புல்லினுடையதன்று. எந்த உறவுகளினூடே அது கரையிறங்கியதோ, அவ்வுறவுகளின் குணத்தையே அது அங்கு வெளிப்படுத்தியது.

7. முடிவாக

நியூபரோவின் பின்வரலாறு நமது வாதத்துக்கு எதிர்பாராத முடிவொன்றைத் தருகின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1940களின் இறுதியில், அரசு அங்கு பைன் மரக்காட்டை நடத் தொடங்கியது. எஞ்சிய மணற்குன்றுகள் 1955இல் தேசிய இயற்கை ஒதுக்ககமாயின. 1950களில் முயல்கள் கொள்ளைநோயால் மடிந்தன, மேய்ச்சல் குறைந்தது, மணல் முழுதும் பசுமை மூடியது. அசையாத மணலில் மாரம் தன் வீரியத்தை இழந்தது. வெறுமணலை நம்பிய அரிய செடிகளும் பூச்சிகளும் அருகின. எனவே 2018இல் தொடங்கிய திட்டமொன்றின்கீழ், வேல்ஸின் பல கரைகளில் இயந்திரங்கள் புல்லை அகழ்ந்து மணலை மீண்டும் காற்றுக்குத் திறந்துவிட்டன.

எலிசபெத்தின் காலத்தில் கத்தியோடு மணல்மேட்டில் நின்றவள் குற்றவாளி. அவள் சந்ததியாரின் காலத்தில் அகழ் இயந்திரத்தோடு அதே மேட்டில் நிற்பவர் பாதுகாவலர். முன்னையது அறியாமை, பின்னையது விஞ்ஞானம் என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆயின் புல்லை அறுத்தும் விட்டும் வாழ்ந்தவர்களின் அறிவு எக்காலத்திலும் கேட்கப்படவில்லை என்பது இரு காலத்துக்கும் பொதுவான உண்மை. மணலை நிறுத்தும்போதும் அவிழ்க்கும்போதும் தீர்மானம் கரைக்கு வெளியேதான் எடுக்கப்பட்டது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நமது நாட்டிலும் கரையோரக் காப்பு, தாவரத் தடுப்பு ஆகியன பற்றி மிகுதியாகப் பேசப்பட்டன. மணற்குன்றையும் அதன் செடிகொடிகளையும் காக்கவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. இராவணன் மீசைக்கும் அடும்புக்கும் காவல் வேண்டும். ஆனால் அக்காவலின் செலவைக் கரைவலை இழுப்பவரும் விறகு பொறுக்குபவளும் மட்டும் செலுத்தவேண்டும் என்று சட்டம் எழுதப்படுமானால், கல்பின் கரையின் பழைய வழக்கு நமது கரையில் மறுபடி விசாரணைக்கு வரும். அப்போது பதிவேட்டின் வாக்குமூலத்தோடு பாட்டிமாரின் வாக்குமூலத்தையும் கேட்டு எழுதுவது, நமது ஆய்வாளர்களின் கடனாகும்.